கல்லில் படிந்த கறையும் இல்லத்தின் அமைதியும்



இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு உங்களுள் சிலர் புன்னகை புரியக்கூடும். சமையலறை மேடைக் கல்லில் படியும் கறையைப் பற்றிப் பங்குத் தந்தை எழுத வேண்டுமா என்று கேட்கவும் கூடும். சிறு கறை ஒன்று ஓர் இல்லத்தின் அமைதியைக் குலைத்ததையும், ஒரு பெண்ணின் உயிருக்கே உலை வைக்க இருந்ததையும் கண்ணாரக் கண்ட பின்னர், இதனை எழுதாமல் இருப்பது நமக்குச் சரியெனத் தோன்றவில்லை.

பாஸ்கா காலத்தில் இல்லங்களை மந்திரிப்பதற்காகக் கெங்கவல்லிப் பகுதியில் வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தோம். சுவேத நதிக்கு அப்பால், புதிதாகக் கட்டப்பெற்ற ஓர் இல்லம். குடும்பத் தலைவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியில் பல ஆண்டுகள் வடநாடெங்கும் அலைந்து சேர்த்த பணத்தில் எழுப்பிய வீடு அது. செபம் முடிந்து தீர்த்தம் தெளித்தவாறே சமையலறைக்குள் நுழைந்தபோது, அவருடைய தாயார் மேடைக் கல்லைச் சுட்டிக் காட்டி, “பாருங்க சாமி, எம் மகன் வேர்வை சிந்திப் போட்ட கல்லு. வந்த ஆறு மாசத்துல இப்படி ஆக்கி வச்சிருக்கா” என்றார்.

வெண்சாம்பல் நிறக் கிரானைட் கல். அதன் நடுவே ஊறுகாய் ஜாடியின் அடிப்பகுதி அளவில் கருமஞ்சள் வட்டம் ஒன்று தெரிந்தது. அதனைச் சுற்றித் துரு நிறத்தில் திட்டுத் திட்டாக மஞ்சள் படர்ந்திருந்தது. மருமகள் கதவோரத்தில் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. இருமலை அடக்க அவர் பட்ட பாட்டைக் கண்டு, “உடம்புக்கு என்னம்மா?” என்று வினவினோம். மறுமொழி இல்லை. கணவர்தாம் மெல்லச் சொன்னார். முன்தினம் இரவு எல்லாரும் உறங்கிய பின்னர், கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்து அக்கல்லின் மீது ஊற்றியிருக்கிறார். மூச்சுத் திணறி வாசலுக்கு ஓடி வந்து விழுந்திருக்கிறார். காலையில் மருத்துவரிடம் காட்டி வந்தார்களாம். இறைவன் அருளால் பெருந்தீங்கு நேரவில்லை.

ஆகவே முதற்கண் இவ்வெச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறோம். பிளீச்சிங் பவுடருடனோ அதன் திரவத்துடனோ எந்த அமிலத்தையும் சேர்க்கலாகாது. கழிவறை ஆசிட், வினிகர், எலுமிச்சைச் சாறு யாவும் அமிலங்களே. இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியம் நாட்டு ஈப்ரு நகருக்கு அருகே செர்மானியப் படையினர் எதிரிகள்மீது திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். போர்க்களத்தில் படைவீரரைக் கொன்ற அதே பொருளை, சன்னல் சாத்திய சமையலறையில் நம் பெண்மக்கள் அறியாமல் உண்டாக்கிக் கொள்கிறார்கள். பிளீச்சிங் பவுடருடன் அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களைச் சேர்ப்பதும் அதே போன்று தீங்கானது. தவறி நேர்ந்துவிட்டால், கல்லைக் கழுவ நில்லாமல் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரமேனும் தூய நீரால் கழுவ வேண்டும். மூச்சு முட்டினால் 108ஐ அழைக்கத் தயங்கலாகாது.

இனி, கல்லில் கறை எவ்வாறு படிகிறது என்பதைக் காண்போம். ‘கல்லாயிற்றே, அதற்குள் எப்படி எண்ணெய் போகும்?’ என்று நினைக்கிறோம். நம் பாட்டிமார் அப்படி நினைத்ததில்லை. சேலத்து மாக்கல்லில் கடைந்த கற்சட்டியைப் புதிதாக வாங்கி வந்தால் அவர்கள் உடனே அடுப்பில் ஏற்றுவதில்லை. எண்ணெயும் மஞ்சளும் பூசி வைப்பார்கள்; வடிகஞ்சியை நாள்தோறும் ஊற்றி ஊறவிடுவார்கள். சில நாள்களில் கல்லின் நிறம் மாறும். ‘சட்டி பழகிவிட்டது’ என்பார்கள். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உள்ளன; அவை எண்ணெயைக் குடிக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். கற்சட்டியில் நாம் விரும்பிச் செய்வது, மேடைக் கல்லில் நாம் விரும்பாமல் நடக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

திருச்சபையும் இதனை அறியும். நிலையான பீடத்தின் மேற்பலகை ஒரே இயற்கைக் கல்லால் ஆனதாக இருத்தல் வேண்டும் என்பது மரபு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அதனை உரைக்கிறது. பீடத்தை நேர்ந்தளிக்கும் சடங்கில் ஆயர் கிறிஸ்மா எண்ணெயைப் பீடத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஊற்றிப் பூசுகிறார். பெத்தேலில் யாக்கோபு தாம் தலை சாய்த்திருந்த கல்லை நட்டு அதன்மீது எண்ணெய் வார்த்ததாகத் தொடக்கநூலில் படிக்கிறோம். முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், அபிஷேகம் முடிந்து துடைத்த பின்னரும் பீடத்தின் நடுவே ஈரம் பட்டாற்போன்ற கருந்திட்டு ஒன்று நின்றுவிட்டது. அது அபிஷேகத்தின் அடையாளம். அதனை அகற்ற நாம் விரும்பவில்லை. ஆனால் பின்னர் ஒரு முறை விளக்கெண்ணெய் கொட்டி வேறொரு திட்டு உண்டாயிற்று. ஆத்தூர்ப் பக்கத்து முதிய கல்தச்சர் ஒருவர் அதனை எடுக்கும் முறையை நமக்குக் கற்பித்தார். அம்முறையையே கீழே தருகிறோம்.

முதலில் உங்கள் மேடையில் இருப்பது எந்தக் கல் என்று அறிய வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் மூவகைக் கற்களைக் காண்கிறோம்.

ஒன்று, கிரானைட். கிருட்டிணகிரி, தருமபுரி, மதுரை மாவட்டங்களில் வெட்டப்படுவது. கறுப்பு வகை நெருக்கமானது. கறையை எளிதில் ஏற்காது. வெளிர்நிற வகைகள் பலவும் துளை மிகுந்தவை. ‘காஷ்மீர் ஒயிட்’ என்று விற்கப்படும் கல்லுக்குக் காஷ்மீரத்தோடு தொடர்பில்லை. அது மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்தில் கிடைப்பது. கண்ணுக்கு அழகானது, ஆனால் எண்ணெயையும் மஞ்சளையும் எளிதில் உறிஞ்சுவது. இரண்டாவது, ஆந்திரத்திலிருந்து வரும் கடப்பைக்கல். பார்வைக்குக் கருங்கல் போல இருப்பினும் அது சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்தது. மூன்றாவது, பளிங்கு. இராசத்தானத்து மக்ரானாவிலிருந்து வருவது புகழ் பெற்றது. அதுவும் சுண்ணாம்பின் இனமே.

இந்த வேறுபாடு எதற்கு? புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி ஆகியவற்றில் அமிலம் உண்டு. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்குகிறோமே, அந்தப் புளிப்புத்தான் களிம்பை அரித்து எடுக்கிறது. அதே புளிப்புக் கடப்பையின்மீதும் பளிங்கின்மீதும் இரவு முழுதும் கிடந்தால் கல்லையே அரித்துவிடும். காலையில் கழுவிப் பார்த்தால் மெருகு போய் மங்கிய வெண்தடம் நிற்கும். அதனைக் கறை என்று எண்ணித் தேய்க்கிறோம். அது கறையன்று, கல்லுக்கு ஏற்பட்ட காயம். கறை என்பது வெளியிலிருந்து உள்ளே புகுந்த பொருள், அதனை வெளியேற்றலாம். காயம் என்பது உள்ளதே அழிந்துபோன நிலை. எதை ஊற்றினாலும் மீளாது. கல் மெருகிடும் தொழிலாளரை அழைத்து மீண்டும் பாலிஷ் போடுவதே வழி. பொதுவாகக் கறை சுற்றுக் கல்லைவிடக் கறுத்துத் தெரியும். காயம் வெளிறித் தெரியும். சாய்ந்து பார்த்தால் பளபளப்பின்றி இருக்கும்.

கல்லின் இனம் தெரியாவிடில், அடுப்புக்குப் பின்னால் மறைவான மூலையில் ஒரு துளி எலுமிச்சைச் சாற்றை விட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கழுவிப் பாருங்கள். அவ்விடம் மங்கினால் சுண்ணாம்பினம். மங்காவிட்டால் பெரும்பாலும் கிரானைட். கறுப்புக் கல் வெளுத்தால் அது இயல்பான கறுப்பன்று. சாயமேற்றி விற்கப்பட்டதாக இருக்கலாம். வாங்கும்போதே வெள்ளைத் துணியில் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை நனைத்துத் தேய்த்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இனிக் கறை நீக்கும் முறை. அழுத்தித் தேய்த்தால் கறை போகும் என்பது பலருடைய எண்ணம். மேற்பரப்பில் உள்ள அழுக்குக்கு அது சரி. துளைக்குள் இறங்கிவிட்ட எண்ணெயை எந்த நாரும் எட்டாது. தேய்க்கத் தேய்க்கக் கல்லின் மெருகு கெடுமேயன்றிக் கறை போகாது. செங்கல் தூளும் இரும்பு நாரும் ஆகவே ஆகா. உள்ளே உறிஞ்சப்பட்டதை வெளியே உறிஞ்சி எடுக்க வேண்டும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, கல்லின்மீது ஒரு பற்றுப் போட்டால், அது காயும்போது உள்ளிருக்கும் கறையைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். வீக்கத்துக்குப் பற்றுப் போடும் நமக்கு இது புதிதன்று.

இதே முறையில்தான் ஆக்ராவின் தாஜ்மகாலும் துப்புரவு செய்யப்படுகிறது. புகையாலும் தூசியாலும் மஞ்சள் படர்ந்த அப்பளிங்குச் சுவர்களின்மீது, இந்தியத் தொல்லியல் துறையினர் 1994ஆம் ஆண்டு முதல் பல முறை முல்தானி மட்டிக் களிமண்ணைக் குழைத்துப் பூசி, உலரவிட்டு, பின்னர் நீரால் கழுவி எடுத்திருக்கின்றனர். பேரரசர் கட்டிய மாளிகைக்கு ஏற்ற வைத்தியம் நம் வீட்டு மேடைக்கு ஏற்காதா?

எண்ணெய்க் கறைக்கு: ஆப்ப சோடாவையோ முல்தானி மட்டியையோ எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் சிறிது கலந்த வெந்நீரில் இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். வெளிர்நிறக் கல்லானால் ஆப்ப சோடாவே நல்லது. கறையைவிட ஒரு விரற்கடை அகலமாக, கால் அங்குலக் கனத்தில் அப்புங்கள். அதன்மேல் பிளாஸ்டிக் தாளை மூடி, ஓரங்களை ஒட்டி, ஒரு நாள் முழுதும் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளை எடுத்துவிட்டுப் பற்று முற்றும் காயும்வரை காத்திருங்கள். இக்காத்திருப்பே உயிர்நிலை, காயும்போதுதான் கறை மேலே ஏறுகிறது. பின்னர் மரக்கரண்டியால் மெல்லச் சுரண்டி, கழுவித் துடையுங்கள். ஒரே முறையில் போகாது. மூன்று, நான்கு முறை செய்ய நேரிடலாம். பழைய கறையானால் நீருக்குப் பதில் அசிட்டோனில் குழைக்கலாம். ஆனால் அது தீப்பற்றக்கூடியது. அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, சன்னலைத் திறந்து வைத்த பின்னரே அதனைத் தொட வேண்டும்.

மஞ்சள், தேநீர், காப்பிக் கறைக்கு: மருந்துக்கடையில் காயம் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் மைதாவையோ ஆப்ப சோடாவையோ குழைத்து, மேற்கூறியவாறே பற்றிடுங்கள். கைக்கு உறை அணிந்துகொள்வது நலம். கறுப்புக் கல்லாயின் முதலில் மூலையில் சோதித்துப் பார்த்துச் செய்யுங்கள். மஞ்சள் கறையின்மீது சோப்புப் பட்டதும் அது செந்நிறமாக மாறுவதைக் கண்டு பலர் கலங்குகிறார்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆலத்தி நீர் சிவப்பதில்லையா? அதே காரணந்தான், அஞ்ச வேண்டியதில்லை. மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கும் இயல்புடையது. சன்னல் வெயில் படும் இடமானால் மூடி மறைக்காமல் விட்டுவைத்தால், சில நாள்களில் தானே குறையும்.

தொட்டியருகே படியும் வெள்ளைப் படிவுக்கு: நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பே இது. கிரானைட் கல்லானால் வினிகரில் பாதிக்குப் பாதி நீர் சேர்த்துத் துணியில் நனைத்துச் சில நிமிடம் வைத்து, உடனே நன்றாகக் கழுவிவிடலாம். கடப்பையிலும் பளிங்கிலும் இதனைச் செய்யலாகாது. ஏனெனில் அப்படிவும் சுண்ணாம்பு, அக்கல்லும் சுண்ணாம்பு. படிவைத் தின்னும் அமிலம் கல்லையும் தின்னும். பிளாஸ்டிக் அட்டையால் மெல்லச் சுரண்டுவதே அங்கே தகும்.

துருக் கறை மிகக் கடினமானது. ஈரத் தோசைக்கல்லையும் இரும்புச் சட்டியையும் கல்லின்மீது இரவில் விட்டுவைப்பதால் வருவது. ஆழ இறங்கிவிட்டால் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. வெளிர்நிறக் கிரானைட்டில் இரும்புச் சத்துள்ள மணிகள் கலந்திருக்கும். அதன்மீது கழிவறை ஆசிட்டை ஊற்றினால் அம்மணிகள் கரைந்து கல் முழுதும் துரு மஞ்சளாகும். நாம் கண்ட வீட்டில் ஊறுகாய்க் கறையைச் சுற்றிப் படர்ந்திருந்தது இதுவே. கறையைவிட அதனை நீக்கச் செய்த வைத்தியமே பெருங்கேடாயிற்று.

வருமுன் காப்பது எல்லாவற்றினும் எளிது. எண்ணெய் சிந்தினால் துணியால் இழுத்துத் துடைக்காமல், அரிசி மாவையோ மைதாவையோ தூவி, அது உறிஞ்சியதும் வழித்தெடுங்கள். ஊறுகாய் ஜாடிக்கும் எண்ணெய்த் தூக்குக்கும் அடியில் ஒரு தட்டு வையுங்கள். கல்லின்மீது சில துளி நீரை விட்டு ஐந்து, பத்து நிமிடம் பாருங்கள். நீர் முத்துப்போல் நின்றால் நலம். அவ்விடம் கறுத்தால் கல் குடிக்கிறது என்று பொருள். அப்படியானால் கல் கடைகளில் கிடைக்கும் ‘சீலர்’ என்னும் காப்புப் பூச்சைப் பூசிக்கொள்ளலாம். அது துளைகளை அடைத்துக் கறை இறங்குவதைத் தாமதப்படுத்தும், முற்றிலும் தடுக்காது, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது.

மீண்டும் அந்த இல்லத்துக்கு வருவோம். ஒரு வாரம் சென்ற பின்னர், ஆப்ப சோடாப் பொட்டலம் ஒன்றுடன் நாம் அங்கே போனோம். முதற்பற்றை மகனே குழைத்து அப்பினார். வேலைக்குப் புறப்படுமுன் அவர் அடுக்களையில் நின்று அதைச் செய்தது அவ்வீட்டில் அதுவே முதல் முறையாம். ஊறுகாய் ஜாடியை அங்கே வைத்தது யார் என்னும் பேச்சு அன்று எழவில்லை, நாமும் எழுப்பவில்லை. மூன்றாம் முறை பற்றுப் போட்டவர் மாமியார். நாம் அடுத்த முறை சென்றபோது கருவட்டம் ஏறத்தாழ மறைந்திருந்தது. ஆசிட் உண்டாக்கிய மஞ்சள் திட்டு மட்டும் அப்படியே நிற்கிறது. “அது இருந்துட்டுப் போகட்டும் சாமி. புள்ளைக்கு இப்ப இருமல் இல்ல” என்றார் அந்தத் தாய்.

கானாவூர்த் திருமண வீட்டில் ஆறு கற்சாடிகள் இருந்தன என்று யோவான் எழுதுகிறார். அவை ஏன் கல்லால் ஆனவை தெரியுமா? மண்பாண்டம் தீட்டுப்படும், கல்லோ தீட்டுப்படாது என்பது அக்கால யூதரின் நம்பிக்கை. கல்லுக்குத் தீட்டில்லை என்றால், அதன்மீது விழுந்த மஞ்சளால் ஓர் இல்லத்துக்கு என்ன மாசு வந்துவிடும்? மனிதரை மாசுபடுத்துவது வாய்க்குள் போவதன்று, வாயிலிருந்து வருவதே என்று நம் ஆண்டவர் போதித்தார். ஆறு மாதமாக அந்த அடுக்களையில் ஊறியிருந்தது ஊறுகாய் எண்ணெய் மட்டுமன்று. நாள்தோறும் விழுந்த சுடுசொல்லுந்தான். அச்சொல்லே ஒரு பெண்ணை நள்ளிரவில் நச்சுப் புகையின் நடுவே நிறுத்தியது.

ஆகவே, தாய்மாரே, கல்லில் கறை கண்டால் மருமகளை அழைத்துக் காட்டுங்கள், வந்தவரிடம் காட்டாதீர்கள். மருமக்களே, அஞ்சி ஒளித்து வைத்தியம் செய்யாதீர்கள். கணவன்மாரே, ஒரு முறையேனும் பற்றைக் குழைத்துப் பாருங்கள். அக்கல்லில் உங்கள் வேர்வை மட்டுமன்று, நாள்தோறும் அதன்முன் நின்று உங்களுக்கு உணவு சமைப்பவரின் வேர்வையும் சேர்ந்திருப்பது விளங்கும். இன்று இரவு குடும்ப செபமாலை முடிந்ததும் அடுக்களைக்குச் சென்று, பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் அருகருகே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் இரண்டையும் பிரித்து, குழந்தைகளின் கைக்கு எட்டாத வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

நாசரேத்துத் திருக்குடும்பத்தின் சமாதானம் உங்கள் அடுக்களைகளிலும் நிலைத்திருப்பதாக!